கழுவாத எலும்பு

அத்தியாயம் 7

பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுக்கு நடுவில் எலும்பு.

உள்ளங்கை அகலம் இருந்தது. ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் முழுக்கக் கடுகைத் தூவி ஒட்டியது போல் பொடிப்பொடி மேடுகள். முப்பத்தாறு கோடி வருடங்களுக்கு முன் கடலில் திரிந்த ஒரு கவச மீனின் நெஞ்சுத் தகடு என்றார்கள். நிதானத்துக்கு அது உடைந்த பானைச் சில்லு போலத்தான் தெரிந்தது.

நிதானம் என்பது அவன் பெயரல்ல. துப்பறியும் தொழிலுக்கு வந்த ஆறு வருடத்தில் அவன் ஒரு தடவைகூட ஓடி யாரும் பார்த்ததில்லை என்பதால் ரேடியோ அக்கா வைத்தது. பதிலுக்கு அவன் அவளுக்கு வைத்தது ரேடியோ. இருபத்தேழு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். ஓய்வு பெற்ற மறுவாரமே அவனிடம் உதவியாளராக வந்து ஒட்டிக்கொண்டாள். காரும் அவளுடையது. அதனால் வேலையை விட்டு நிறுத்தவும் வழியில்லை.

"நேத்து காலையில கதவைத் திறந்தா வாசல்ல இருந்தது சார்," என்றாள் ஊசியின் மனைவி. "கடுதாசி கிடுதாசி எதுவும் இல்லை. இது மட்டும்தான்."

ஊசி மியூசியத்தில் வேலை செய்பவன். கல்லுக்குள் சிக்கிய பழைய எலும்புகளைக் கல்லிலிருந்து பிரித்தெடுப்பது அவன் வேலை. கையில் எந்நேரமும் ஊசி இருந்ததால் ஊரே அவனை அப்படிக் கூப்பிட்டது. ஒன்பது நாளுக்கு முன், திங்கட்கிழமை காலை, சைக்கிளில் வேலைக்குப் போனான். திரும்பவில்லை. அன்றைக்கே மியூசியத்திலிருந்து ஒரு கல்லும் காணாமல் போனது. தர்பூசணி அளவு. உள்ளே நசுங்காமல் ஒரு கவச மீனின் நெஞ்சுப் பாதி; தலைப் பாதி கிடைக்கவே இல்லை என்றார்கள். அந்த மீன் குடும்பத்தில் அப்படி நசுங்காமல் கிடைத்தது அது ஒன்றுதான். அடுத்த மாதம் அதைப் பெரிய மியூசியத்துக்கு அனுப்பிவைக்க உத்தரவு வந்திருந்தது. கல்லைத் திருடிக்கொண்டு ஆள் ஓடிவிட்டான் என்று போலீஸ் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

"அவர் சைக்கிள் இன்னும் மியூசியம் ஷெட்லயே நிக்குது," என்றாள் அவள். "முப்பது கிலோ கல்லைத் தூக்கிக்கிட்டு, சைக்கிளை விட்டுட்டு, நடந்தா ஓடுவார்? மூணு தடவை ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டேன். மூணு தடவையும் தண்ணி குடிக்கச் சொன்னாங்க."

"போலீஸ்ல எல்லா வியாதிக்கும் அது ஒண்ணுதான் மருந்து," என்றாள் ரேடியோ அக்கா.

ஊசியின் மனைவி சிரிக்கவில்லை. டப்பாவை நிதானத்தின் பக்கம் நகர்த்தினாள். "மூக்குகிட்ட வச்சுப் பாருங்க. வினிகர் வாசனை வருதில்லை? அவர் கை எப்பவும் இந்த வாசனைதான். நேத்து தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் படுத்தேன். ஒன்பது நாள்ல நேத்துதான் தூங்கினேன்."

வாசனை இருந்தது. நன்றாகவே இருந்தது. நிதானம் தகட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனான். மேடுகளின் இடுக்கில் வெள்ளையாக, பூஞ்சை போல, ஏதோ மெல்லிசாகப் பூத்திருந்தது.

"இது என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். விரல் நுனியால் அதைத் தொட்டாள்.

"நேத்து இது இல்லை சார்."

"என்னம்மா அது?" என்றாள் ரேடியோ அக்கா.

"உப்பு. கல்லை ஆசிட்ல போடுவாங்க அக்கா. வினிகர்ல இருக்கிற அதே ஆசிட்தான், காட்டம் ஜாஸ்தி. கல் கரையும், எலும்பு கரையாது. வெளியில தெரிஞ்ச எலும்புக்குப் பசை தடவி மறுபடியும் போடுவாங்க. ஒரு நாள் ஆசிட்ல இருந்தா மூணு நாள் தண்ணியில கழுவணும். கழுவலைன்னா உள்ள உப்பு நின்னுடும். காய்ஞ்சதும் இப்படிப் பூக்கும். பூத்தா எலும்பு மாவாப் போயிடும்." நிறுத்தினாள். "அவர் கழுவாம விட மாட்டார். எங்க கல்யாணத்துக்கே லேட்டா வந்தவர். தொட்டியில ஒண்ணு ஊறிக்கிட்டு இருந்ததாம்."

"மீனைப் பார்த்துக்கிட்டு இருந்து லேட்டா வந்தவரை மன்னிச்சிடலாம்மா. நான் பார்த்த மாப்பிள்ளைங்க லேட்டானதுக்கெல்லாம் காரணம் வேற."

நிதானம் கேட்டான்: "வேற யாராவது செஞ்சதா இருக்குமா?"

"இல்லை சார். இதோ." தகட்டைத் திருப்பி, உள்பக்க மூலையைக் காட்டினாள். பருப்பளவு சாம்பல் கல் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. "சாட்சிக் கல்னு சொல்வார். எந்தப் பாறையிலேர்ந்து வந்ததுன்னு நாளைக்கு யாராவது கேட்டா காட்டறதுக்காம். ஒவ்வொண்ணுலயும் இத்தனூண்டு விட்டு வைப்பார். வேற யாரும் விட மாட்டாங்க. மியூசியம் காப்பாளர் அதுக்காக இவரைத் திட்டிக்கிட்டே இருப்பாராம்."

சாட்சிக் கல்லுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு தீற்றல். அதன் மேல் கறுப்பு மையில் பொடி எழுத்தில் 4118.

"மியூசியம் நம்பர். எல்லாத்துலயும் இருக்கும்," என்றாள். பிறகு, இவ்வளவு நேரமும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள். "அவர் உயிரோட இருக்கார்னுதானே சார் இதுக்கு அர்த்தம்?"

"இதைச் செஞ்ச அன்னைக்கு இருந்திருக்கார்," என்றான் நிதானம்.

ஆறுதலாக ஏதாவது சேர்த்திருக்கலாம். அந்த மாதிரி வார்த்தைகள் அவனுக்கு இப்போதெல்லாம் வாயில் வருவதில்லை.

டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

*

மியூசியம் நாலு மணிக்கே ஆளரவம் இல்லாமல் கிடந்தது. வழிநெடுக அலமாரிகளில் பாடம் பண்ணிய நரி, ஆந்தை, கழுத்து நீண்ட ஒரு மான். கண்ணாடிக் கண்கள் எல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இந்த ஆந்தைக்கு என்னைத் தெரியும் போலிருக்கு," என்றாள் ரேடியோ அக்கா. "வந்ததுலேர்ந்து முறைக்குது."

நடைபாதையின் கோடியில் ஓர் இரும்புக் கதவு. சுற்றிலும் ரப்பர் பட்டை. மேலே சின்ன வட்டக் கண்ணாடி, உள்பக்கம் திரை போட்டது. கதவோரம் மூன்று வாயு சிலிண்டர்கள். கதவில் ஒரு அட்டை தொங்கியது. பூச்சிக்கொல்லி வாயு நிரப்பப்பட்டுள்ளது. திறந்தால் உயிருக்கு ஆபத்து. கீழே தேதி: போன வாரம் செவ்வாய்.

"இந்த அட்டை கிடைச்சா எங்க வீட்டு பாத்ரூமுக்கு ஒண்ணு வாங்கணும்."

காப்பாளர் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒல்லி. ஐம்பதைத் தாண்டியவர். சலவைச் சட்டை, கை லேசாக நடுங்கும் வழக்கம். நடுக்கத்தை மறைக்க இரண்டு கையையும் கோத்துக்கொண்டு பேசினார். மேஜை மேல் ஒரு தடித்த பதிவேடு விரிந்து கிடந்தது. பக்கத்தில் மரத்தில் செய்த மீன் பொம்மை.

"நீங்க மீனைத் தெரிஞ்சுக்காம ஆளைத் தேட முடியாது," என்று பொம்மையைக் கையில் எடுத்தார். "தலைக்கு ஒரு கவசம். நெஞ்சுக்கு ஒரு கவசம். கழுத்துல ரெண்டு பக்கமும் கீல். வாயைத் திறந்தா தலையே மேல தூக்கும். பல் கிடையாது. தாடை எலும்புதான் கத்தி. மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒண்ணோட ஒண்ணு உரசித் தானே சாணை பிடிச்சுக்கும்."

"என் நாத்தனாரை எங்க பார்த்தீங்க?" என்றாள் ரேடியோ அக்கா.

அவர் காதில் வாங்கவில்லை. பொம்மையின் தலையை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை கவசம் போட்டுக்கிட்டுமா குடும்பத்தோட அழிஞ்சு போச்சு?"

"கவசம் கடிக்க வர்றதைத் தடுக்கும்மா. தண்ணி கெட்டுப் போனா என்ன பண்ணும்?"

நிதானம் டப்பாவைத் திறந்து நீட்டினான். "நேத்து ஊசி வீட்டு வாசல்ல இருந்தது."

காப்பாளர் ஆச்சரியப்பட்டார். அளந்து வைத்தது போல் ஆச்சரியப்பட்டார். ஒரு துணியால் தகட்டை எடுத்து, எண் இருக்கும் பக்கத்தை நேராகத் திருப்பினார். "எங்க கல்லோட தகடுதான். பார்த்தீங்களா, திருட்டுப் பய. சொன்னா அந்தப் பொண்ணு நம்பலை. ஆசாமி எங்கயோ உட்கார்ந்து பிரிச்சுக்கிட்டு இருக்கான்."

பிறகு தகட்டை மறுபக்கம் திருப்பினார்.

பூதக்கண்ணாடியை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். கோத்து மறைக்க மறந்த கைகள் நடுங்கின.

"கழுவலை," என்றார். "இதைக் கழுவவே இல்லை."

"பிழைக்காதா?"

"உடனே தண்ணியில போட்டா கொஞ்சம் தேறும். நாள் போனா..." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். "எவ்வளவு நாள் ஆச்சோ."

"இந்த எண்ணை யார் போடுவாங்க?"

"என்ன?" அவர் எங்கிருந்தோ திரும்பி வந்தார். "எண்ணா? அவன்தான் போட்டிருப்பான். கைப்பழக்கம். இங்க ஒரு பொருளுக்கு ஒரு எண். அந்தப் பொருளே தொலைஞ்சு போனாலும் அதோட எண் இன்னொண்ணுக்குப் போகாது. போறப்போ கடைசியா என்ன எண் இருந்ததோ அதுக்கு அடுத்ததைப் போட்டிருப்பான். தகட்டை இங்க விட்டுட்டுப் போங்க."

"அவங்க வீட்டுக்கு வந்தது சார். அவங்ககிட்டயே இருக்கட்டும்."

சண்டை போடுவார் என்று நிதானம் எதிர்பார்த்தான். அவர் போடவில்லை. எழுந்து நின்றார்.

"அப்போ தண்ணியிலயாவது போடுங்க. மணி நாலரை. நான் மூடணும்."

வெளி வாசல் பலகையில் ஐந்து மணி என்று எழுதியிருந்தது. அவர்கள் படியிறங்கும்போதே பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

*

இரண்டாவது சிக்னலில் கார் நின்றது. ரேடியோ அக்கா எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நாலாயிரத்து நூற்றுப் பதினேழு, நாலாயிரத்து நூற்றுப் பத்தொன்பது.

"என்ன அக்கா?"

"மேஜையில பதிவேடு கிடந்ததில்லை? தலைகீழா இருந்தது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க கையில இருக்கிற நம்பரை இருபத்தேழு வருஷம் தலைகீழாத்தான் படிச்சேன், தம்பி. நேரா குடுத்தாத்தான் எனக்குக் கண்ணாடி வேணும்."

"என்ன இருந்தது?"

"வெள்ளிக்கிழமை யாரோ பதினஞ்சு சிப்பி குடுத்திருக்காங்க. 4103லேர்ந்து 4117. அடுத்த வரி காலி. அப்புறம் 4119, எரிகல் துண்டு ஒண்ணு, நேத்து தேதி. நடுவுல ஒரு வரி பல்லு விழுந்த மாதிரி இருந்தது. அதான் மனசுல ஒட்டிக்கிச்சு."

நிதானம் டப்பாவைத் திறந்தான். எண்ணைப் பார்த்தான். மூடினான்.

"ஊசி காணாம போனது எப்போ?"

"போன வாரம் திங்கள்."

"அன்னைக்குக் கடைசி எண் என்ன?"

"4102. சிப்பி அதுக்கு அப்புறம்தானே வந்தது."

"ஓடிப் போனவன் அடுத்த எண்ணைப் போட்டிருந்தா?"

"4103," என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் காரை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை பதினஞ்சு சிப்பி வரும்னு அவனுக்குத் தெரியாது," என்றான் நிதானம். "தெரிஞ்சவர் ஒருத்தர்தான். அந்த எண்ணை எழுதினவர் பதிவேட்டைத் திறந்து வச்சுக்கிட்டு எழுதியிருக்கார். எழுதினதும் அந்த வரியைக் காலியா விட்டிருக்கார். ஒரு எண் ரெண்டு பொருளுக்குப் போகக்கூடாது இல்லையா."

"மடையன். எண் போடாம அனுப்பியிருக்கலாமே."

"மியூசியத்தை விட்டு எண் இல்லாம ஒரு எலும்பு வெளிய போக அவர் கை விடாது. எப்படியும் போலீஸ் வழியா அவர்கிட்டயே திரும்பி வரும்னு தெரியும். வந்தா பதிவேட்டுல உட்காரவைக்க இடம் வேணும்."

"சரி, எண் அவருது. ஆனா சாட்சிக் கல் ஊசியோடது."

"ஆமா. செஞ்சது ஊசி. எண் போட்டது காப்பாளர். அதுவும் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம். ஊசி எங்கயும் ஓடலை. அவர் கைக்கு எட்டற தூரத்துலதான் இருக்கான். கல் பெரிய மியூசியத்துக்குப் போறதுக்குள்ள தனக்குன்னு பிரிச்சு வாங்கிக்கறார்." நிதானம் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மனைவி ஸ்டேஷனுக்கு நடக்கறதை நிறுத்தணும், ஊசி ஊர்ஊரா ஓடிக்கிட்டு இருக்கான்னு எல்லாரும் நம்பணும். அதுக்குத்தான் பார்சல். ஊசியும் தன் பங்குக்கு அதுல ஒரு சேதி வச்சு அனுப்பியிருக்கான். கழுவலை. அவளுக்கு மட்டும் புரியணும்னு."

"அவ வாசனை பிடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டா, பாவம்."

"அதைக் கொண்டுபோய் நாம யார்கிட்ட காட்டினோம்?"

ரேடியோ அக்கா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள்.

"இதைக் கழுவலைன்னா மத்ததையும் கழுவலைன்னு அவருக்குப் புரிஞ்சுடுச்சு," என்றான் அவன். "அதான் கடிகாரத்தைப் பார்த்தார். ஊசியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. எங்க இருக்கான், எப்படி இருக்கான், எதுவும் கேட்கலை. இனிமே அவன் எதுக்கு அவருக்கு?"

"எங்க வச்சிருப்பார்?"

"பூச்சி எதையெல்லாம் தின்னும் அக்கா?"

"துணி. தோல். இறகு. என் கம்பளி ரெண்டு."

"சிப்பியை?"

"பூச்சிக்குத்தான் பல் போகும்."

"எரிகல்லை? இந்த ஒன்பது நாள்ல வேற எதுவும் அங்க வரலை. அலமாரியில நரி இருக்கு, ஆந்தை இருக்கு, ஒண்ணுகூட நகரலை. பின்ன எதுக்கு அந்த இரும்புக் கதவு அறையில மருந்து போட்டுச் செவ்வாய்க்கிழமையிலேர்ந்து மூடி வச்சிருக்கார்?"

அவன் முடிப்பதற்குள் கார் சாலையின் நடுத்திட்டை ஏறி இறங்கித் திரும்பியிருந்தது. நாலு பக்கமும் வசவு விழுந்தது. நிதானம் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு இரண்டு வாக்கியம் சொன்னான். பத்து நிமிஷம் என்றார். அந்தக் கதவோரம் இருந்த சிலிண்டர்களுக்குப் பத்து நிமிஷம் ரொம்ப அதிகம்.

*

முன் கதவு பூட்டியிருந்தது. பக்கவாட்டில் சைக்கிள் ஷெட். தூசி படிந்த ஒரே ஒரு சைக்கிள். அதன் பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடியை ரேடியோ அக்கா கார் ஜாக்கியால் உடைத்தாள்.

"ஓடு தம்பி," என்றாள். "பேரு கெட்டாலும் பரவாயில்லை."

நிதானம் ஓடினான்.

இரும்புக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டுக் காப்பாளர் உட்கார்ந்திருந்தார். காலருகே ஒரு வாளித் தண்ணீர். சிலிண்டர் ஒன்றிலிருந்து சீராக, பாம்பு போலச் சத்தம். வட்டக் கண்ணாடியின் திரை விலகியிருந்தது. அவர் அதன் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிதானம் சிலிண்டரின் திருகை மூடினான். அவர் தடுக்கவில்லை.

"இருபத்திரண்டு தகடு," என்றார். "எல்லாத்தையும் கேட்டேன். ஒண்ணையும் கழுவலைன்னு சொல்றான். சிரிச்சுக்கிட்டே சொல்றான். கழுவறான்னு நம்பி நான் வாளி வாளியாத் தண்ணி சுமந்தேன்."

"சாவி எங்க?"

"கொஞ்சம் பொறுங்க. அவன் முடிஞ்சதும் நானே திறப்பேன். கழுவிடலாம். பாதியாவது தேறும்."

தண்ணீர் வாளியோடு தயாராக இருந்தார். ஓர் ஆள் சாவதற்காக, ஒரு சமையல் வேகக் காத்திருப்பவர் போலக் காத்திருந்தார்.

சாவி கதவிலேயே இருந்தது. நிதானம் கைப்பிடிச் சக்கரத்தைத் திருப்பினான். ரப்பர் பட்டை பிரியும் சத்தத்தோடு கதவு வந்தது. வினிகர் வாசனை முகத்தில் அறைந்தது. உள்ளே ஒரு மஞ்சள் பல்பு, பிளாஸ்டிக் தொட்டிகள், ஒரு மேஜை. மேஜை மேல் ஸ்டூல். ஸ்டூல் மேல் ஓர் ஆள், கூரையில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தான். ஒன்பது நாள் தாடி. கால்கள் வெடவெடவென்று ஆடின.

"வாயு கனம்," என்றான் ஊசி மேலிருந்து. குரல் காய்ந்திருந்தது. "கீழே தங்கும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

அதற்குள் காப்பாளர் வாளியோடு நிதானத்தை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போயிருந்தார். தட்டுகள் தரையில் வரிசையாக இருந்தன. பழுப்பு எலும்புகள் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"குனியாதீங்க சார்," என்றான் ஊசி. ஆபீஸில் சொல்வது போல், மரியாதையாகச் சொன்னான்.

காப்பாளர் குனிந்தார். மண்டியிட்டார். முதல் தட்டில் தண்ணீர் ஊற்றினார். இரண்டாவது தட்டுக்கு வாளியைச் சாய்த்தவர் அப்படியே அதன் மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டார். வாளி உருண்டது.

நிதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். ஊசி ஸ்டூலிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து அவன் தோளுக்கு இறங்கினான். எலும்பும் தோலுமாக எடையே இல்லை. நடைபாதைக்கு வந்து இருவரும் சுவரில் சாய்ந்தார்கள். ரேடியோ அக்கா கண்ணில்பட்ட ஜன்னலையெல்லாம் ஜாக்கியால் உடைத்துக்கொண்டு வந்தாள்.

"தப்பிச்சீங்க," என்றாள் ஊசியிடம். "உங்க வீட்டுக்காரம்மா லைன்ல இருக்காங்க. இருபத்தேழு வருஷத்துல இதைவிட நல்ல கனெக்‌ஷன் நான் குடுத்ததில்லை."

அவன் போனை வாங்கினான். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தான்," என்றான் ஊசி. "ஒண்ணும் இல்லை. வர்றேன். கொஞ்சம் நேரமாகும்."

போனைத் திருப்பிக் கொடுத்தான். மூன்று தடவை ஆழமாக மூச்சிழுத்தான். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் எழுந்து மறுபடியும் அந்த அறைக்குள் போனான்.

நிதானம் கதவுக்கு ஓடினான். உள்ளே ஊசி தட்டுகளுக்கு முன்னால் நின்றான். ஒரு கணம்தான். பிறகு தட்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, காப்பாளரின் இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஒரு தகடு காலில் மிதிபட்டது. சத்தம் வரவில்லை, மாவாக நொறுங்கியது.

நடைபாதையில் காப்பாளரைப் புரட்டிப் போட்டார்கள். நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. கண் சொருகியிருந்தது.

"உங்களைக் கொல்ல இருந்த ஆள்," என்றான் நிதானம்.

"தெரியும்." ஊசி தரையில் உட்கார்ந்து இருமினான். "இவர் பேசணும். பேசற நிலைமையில இருக்கணும்."

"எதுக்கு?"

"என்கிட்ட இருந்தது நெஞ்சுக் கவசம் மட்டும்தான் சார். கல் உடைஞ்சுதான் எங்களுக்கு வந்தது. தலை இருக்கிற பாதி கிடைக்கவே இல்லைன்னு இத்தனை நாளும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தார். ஞாயித்துக்கிழமை ஒரு துண்டு கொண்டு வந்தார். தலைக் கவசத்துல கழுத்துக் கீல் இருக்கிற துண்டு. என் தகட்டோட பொருந்துதான்னு பார்க்கணுமாம். பொருந்திச்சு."

"தலையும் இவர்கிட்டயே இருக்கு."

"இருக்கு. அந்தத் துண்டு அழகா சுத்தம் பண்ணியிருந்தது. நல்லா கழுவி, பசை தடவி. நான் செய்யலை. இவர் கை நடுங்கும், இவரும் செஞ்சிருக்க முடியாது. பசை இழுத்திருந்த வாட்டம் இடது கைக்காரங்க வாட்டம்."

ரேடியோ அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது.

"உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன்," என்றான் ஊசி. "பசைக்கு அடியில ஊசி முனையால கீறியிருந்தது. பூதக்கண்ணாடி வச்சாத்தான் தெரியும். சின்னச் சின்னக் கோடு. நாலு கோடு, குறுக்கே ஒண்ணு. நாலு கோடு, குறுக்கே ஒண்ணு. முதல்ல எனக்குப் புரியலை. அப்புறம் என் சுவரைப் பார்த்தேன். நானும் அப்படித்தான் கிழிச்சு வச்சிருந்தேன், ஒரு நாளைக்கு ஒண்ணு."

"எத்தனை?"

"நாற்பத்தொண்ணு."

நிதானம் குனிந்து காப்பாளரின் கன்னத்தைத் தட்டினான். தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. மறுபடி தட்டினான். இந்தப் பக்கம் சாய்ந்தது. உதட்டோரம் நுரை கட்டியிருந்தது.

"அது ஞாயித்துக்கிழமை," என்றான் ஊசி. "இன்னைக்கு அந்த இடது கைக்காரருக்கு நாற்பத்து நாலு. உயிரோட இருந்தா."